கரும்புக்கு உதவாத நிலத்தை இயற்கைக் காப்பகமாக்கி வரிக்கழிவு பெறுவது எப்படி: நேட்டால் குடும்பங்களுக்கான முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையோரத்தில் டொங்காட், வெருலம், ஸ்டேங்கர், உம்சிண்டோ பக்கம் கரும்பு போடும் நம் குடும்பங்கள் பலவற்றிடம் சரிவிலோ ஓடைக்கரையிலோ ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கும். அங்கே டிராக்டர் ஏறாது. ஏறினாலும் செலவுக்கு விளைச்சல் கட்டாது. அந்தத் துண்டில் பழைய புல்வெளியோ கடலோரக் காடோ மிஞ்சியிருந்தால், அதை அழிக்காமல் காப்பவருக்கு அரசு வருமான வரியில் கழிவு தருகிறது. நிலத்தை விற்க வேண்டாம், யாருக்கும் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். அது உங்கள் பெயரிலேயே இருக்கும்.

எங்கள் குடும்ப நிலத்துக்கு இதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை செய்து முடித்தேன். அப்புறம் தெரிந்தவர்கள் சிலருக்குக் கூடவே இருந்து உதவினேன். சிக்கிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் படிகளை முன்பின்னாக மாற்றிச் செய்தவர்கள். அதனால் கீழே உள்ள வரிசையை விட்டு விலகாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்லியிருக்கிறேன்.

1. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது?

முதல் வேலை, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவு அலுவலகத்திலிருந்து உங்கள் டைட்டில் டீடின் நகலை எடுப்பது. வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கும் பழைய தாளை நம்பி இறங்க வேண்டாம். இந்த வேலையின் முடிவில் ஒப்பந்தம் அந்தப் பத்திரத்தின் மேல்தான் பதிவாகும். பதிவேட்டில் யார் உரிமையாளரோ அவர்தான் கையெழுத்துப் போட முடியும்.

நம் குடும்பங்களில் இங்கேதான் காலம் ஓடுகிறது. நிலம் இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா இறந்து முப்பது வருடம் ஆகியிருக்கும், சொத்தைப் பிரித்துப் பதிவு செய்யாமலே மூன்று சித்தப்பாக்கள் ஆளுக்கொரு பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருப்பார்கள். அப்படியானால் முதலில் இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் மாஸ்டர் அலுவலகத்தில் எக்ஸிக்யூட்டர் (சொத்தைப் பிரித்துக் கொடுப்பவர்) நியமனம் வாங்கி, எஸ்டேட்டை முடித்து, உயிரோடு இருப்பவர்கள் பெயருக்கு நிலத்தை மாற்ற வேண்டும். பிரிக்காத பங்குகள் இருந்தால் பங்காளிகள் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் அத்தைக்கும் தாள் போய் வர வேண்டும்.

பெயர்ப் பிழை தனித் தொல்லை. பத்திரத்தில் ‘கோவிந்தன்’, அடையாளச் சீட்டில் ‘கோவிந்தசாமி’ என்று எங்கள் தாத்தாவின் பெயர் இரண்டு விதமாக இருந்தது. இருவரும் ஒருவரே என்று நிறுவ ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பத்திர வேலை பார்க்கும் வழக்கறிஞரான கன்வேயன்சரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் தெரிய வந்தால் எல்லாத் தாளும் திரும்பப் போகும்.

நிலம் டிரஸ்ட் பெயரிலோ கம்பெனி பெயரிலோ இருந்தால், வரிக்கழிவும் அந்த டிரஸ்டுக்கோ கம்பெனிக்கோதான் போகும். உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது. இது ஐந்தாம் படியில் முக்கியமாகும்.

2. நிலக் கோரிக்கை, பாண்டு, சுரங்க உரிமை

முன்பு நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் அதைத் திரும்பக் கேட்பதுதான் நிலக் கோரிக்கை. நிலக் கோரிக்கை ஆணையத்துக்கு எழுதி, உங்கள் நிலத்தின் மேல் கோரிக்கை ஏதும் இருக்கிறதா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். 1994ஆம் ஆண்டின் நில மீட்புச் சட்டத்தின்படி முதல் கோரிக்கைகள் 1998 டிசம்பர் 31 வரை பெறப்பட்டன. 2014இல் வாசல் மறுபடி திறந்தது, 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை நிறுத்தியது. இடைப்பட்ட காலத்தில் வந்த கோரிக்கைகளும் கோப்பில் இருக்கின்றன. அதனால் ‘எங்களுக்கு நோட்டீஸ் எதுவும் வரவில்லை’ என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கோரிக்கை இருந்தால் அதை மறைத்து முன்னே போகப் பார்க்காதீர்கள். எப்படியும் பொது அறிவிப்பில் வெளியே வரும். அதைவிடப் பெரிய காரணம், அந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் அந்தக் கோரிக்கையின் பின்னால் இருக்கின்றன. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தில் வீட்டை இழந்த நமக்கு அது புரிய வேண்டும். அவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

நிலத்தின் மேல் பாண்டு (வங்கி அடமானம்) இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதம் வேண்டும். மின்கம்பி, குழாய் போன்றவற்றுக்கு வழியுரிமை கொடுத்திருக்கிறதா, யாரிடமாவது சுரங்க ஆய்வு உரிமை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இயற்கைக் காப்பகத்துக்குள் சுரங்கம் தோண்டச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஏற்கெனவே உரிமை வைத்திருப்பவர் ஆட்சேபிக்கலாம்.

3. நிலத்தில் காக்க ஏதாவது இருக்கிறதா?

தேசியப் பல்லுயிர் நிறுவனமான சான்பியின் பிஜிஐஎஸ் இணையதளத்தில் வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் பண்ணை, ‘கிரிட்டிகல் பயோடைவர்சிட்டி ஏரியா’ (பல்லுயிருக்கு இன்றியமையாத பகுதி) என்று குறிக்கப்பட்ட பகுதிக்குள் வருகிறதா என்று பாருங்கள். மாகாணத்தில் இதற்குப் பொறுப்பான எசெம்வேலோ கேஇசட்என் வைல்ட்லைஃப், நிலத்தை ஏற்பதா என்று முடிவெடுக்கும்போது இதையும் எடைபோடும். அவர்களிடம் ஆட்களும் பணமும் அளவுதான், அதனால் அதிகம் தேவைப்படும் நிலத்துக்கு முதலிடம் கொடுப்பார்கள்.

வரைபடத்தோடு நிற்காமல் நேரில் நடந்து பாருங்கள். ஒருமுறையாவது உழுத நிலத்தில் புல் திரும்ப வளர்ந்திருக்கலாம், ஆனால் பழைய புல்வெளியின் பூச்செடிகளும் கிழங்குச் செடிகளும் திரும்பி வருவது அரிது. நவம்பர், டிசம்பரில் மழைக்குப் பிறகு நடந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். செல்போனில் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடையின் வெள்ளப் பகுதியையும் அதற்கு அப்பால் 10 மீட்டரையும் அனுமதியில்லாமல் பயிரிடக் கூடாது என்று 1983ஆம் ஆண்டின் வேளாண் வளப் பாதுகாப்புச் சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. அந்தப் பட்டையில் உங்கள் கரும்பு நின்றால், மேற்பார்வைக்கு ஆள் வரும் முன் எடுத்துவிடுங்கள். சட்டத்தை மீறிய வயலைக் காட்டிக்கொண்டு காப்பகம் கேட்டால் பேச்சு அங்கேயே கசந்துபோகும்.

4. எந்த வகை ஒப்பந்தம்?

புதியவர்கள் அதிகம் இழப்பது இந்தப் படியில். நிலத்தைக் காக்க உரிமையாளர் போடும் ஒப்பந்தங்களில், ‘ஸ்டூவர்ட்ஷிப்’ என்ற ஒரே பெயரில் பல வகை இருக்கின்றன. வகைக்கு வகை பணப்பலன் மாறும்.

மேல் படியில் இருப்பது நேச்சர் ரிசர்வ், அதாவது இயற்கைக் காப்பகம். 2003ஆம் ஆண்டின் 57ஆம் எண் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் சட்டத்தில் 23ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கப்படுவது. வருமான வரிச் சட்டத்தின் 37டி பிரிவுக் கழிவு இந்த வகைக்குக் கிடைக்கும். அதற்கு இன்னொரு நிபந்தனை உண்டு: ஒப்பந்தம் குறைந்தது 99 ஆண்டுக்கு இருக்க வேண்டும், பத்திரத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

அடுத்தது புரடெக்டட் என்விரான்மென்ட் (பாதுகாக்கப்பட்ட சூழல்). 28ஆம் பிரிவின் கீழ் வருவது. கட்டுப்பாடு குறைவு, மாடு மேய்க்கலாம், அக்கம்பக்கத்துப் பண்ணைகள் சேர்ந்து செய்யலாம். இதற்கு 37டி கிடையாது. ஆனால் ஒப்பந்தம் 30 ஆண்டுக்குக் குறையாமல் இருந்தால், நிலத்தைப் பராமரிக்கச் செய்த செலவை 37சி பிரிவு அரசுக்குக் கொடுத்த நன்கொடைபோல் எடுத்துக்கொள்கிறது.

கீழே உள்ளது பயோடைவர்சிட்டி அக்ரிமென்ட் போன்ற எளிய ஒப்பந்தங்கள். எளிதில் முடியும், எளிதில் விலகலாம். நிலத்தின் மதிப்புக்கு வரிக்கழிவு எதிர்பார்க்க வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒருவர், ‘பிள்ளைகளைக் கட்டிப்போட வேண்டாமே’ என்று 30 ஆண்டு போட்டுக் கையெழுத்திட்டார். எல்லாம் முடிந்து கணக்காளரிடம் போனபோதுதான் 37டி தனக்கு இல்லை என்று அறிந்தார். பிள்ளைகளைப் பற்றிய கவலை நியாயமானது, அதைக் குறை சொல்ல மாட்டேன். 99 ஆண்டு என்பது பேரனின் கையையும் சேர்த்துக் கட்டுவது. அதனால் இந்தப் படியில் பிள்ளைகளைக் கூட உட்கார வைத்துப் பேசுங்கள்.

5. கணக்குப் போடுங்கள்

37டி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அறிவிக்கப்பட்ட நிலத்தின் மதிப்பில் ஆண்டுக்கு 4 சதவீதம், 25 ஆண்டுகளுக்கு உங்கள் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படும். மதிப்புக்கு அடிப்படை, வாங்கவும் மேம்படுத்தவும் ஆன செலவு. நிலத்தின் விலை அதன்பின் ஏறியிருந்தால், சந்தை மதிப்பு, நகராட்சி மதிப்பு இரண்டில் குறைந்ததை வைத்து, அந்த ஏற்றத்தில் ஒரு பங்கும் சேரும்.

அந்தச் சூத்திரப்படி வந்த தொகை 30 லட்சம் ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக் கழிவு 120,000 ராண்ட். இந்தத் தொகை உங்கள் கைக்கு வராது. வருமானத்தில் இவ்வளவுக்கு வரி இல்லை என்பதே பொருள். 18 சதவீத வரிப்படியில் இருப்பவருக்கு மிச்சம் 21,600 ராண்ட். 27 சதவீதம் கட்டும் கம்பெனிக்கு 32,400. 45 சதவீதப் படியில் இருப்பவருக்கு 54,000. ஓய்வூதியத்தில் வாழ்ந்து வரியே கட்டாத மாமாவுக்கு ஒன்றுமில்லை.

இந்தத் திட்டத்தில் எனக்கு இருக்கும் மனக்குறையும் இதுதான். ஒரே அளவு புல்வெளியைக் காக்கிறவர்களில் அதிகம் சம்பாதிப்பவருக்கு அதிகம் மிச்சமாகிறது. சிறு விவசாயிக்கு நேரடியாகப் பணம் தரும் வழி ஒன்றும் வேண்டும். அது வரும்வரை, இருக்கிற சட்டத்தில் நமக்கு என்ன கிடைக்கும் என்று கண்ணைத் திறந்து பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

நிலத்தில் உங்களுக்கென்று பயன்பாட்டு உரிமை வைத்துக்கொண்டால் கழிவு அதற்கேற்பக் குறையும். வீட்டையும் கரும்பு வயலையும் காப்பக எல்லைக்கு வெளியே வைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

எதிர்ப்பக்கமும் எழுதுங்கள்: சர்வேயர், நோட்டரி, வேலி, தீத்தடுப்புக் கோடு, ஆண்டுதோறும் களை வெட்டும் கூலி. களைக்கூலியை எல்லாரும் குறைத்தே போடுகிறார்கள். புதர் மண்டிய நிலத்தில் அது மிச்சமாகும் வரியையே தின்றுவிடும். அப்படி இருந்தால் வருமான வரியை நம்பாமல் பத்தாம் படியில் உள்ள ரேட்ஸ் (நகராட்சிச் சொத்து வரி) விலக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

6. கையெழுத்துக்கு முன், வேறு வாங்குபவர் உண்டா?

சாலையோ குழாய்ப்பாதையோ தொழிற்சாலையோ போடுபவர் தவிர்க்க முடியாமல் ஒரு புல்வெளியை அழித்தால், அதே வகைப் புல்வெளியை வேறிடத்தில் காக்கும்படி சுற்றுச்சூழல் அனுமதியில் நிபந்தனை வரலாம். இதற்குப் பெயர் ஆஃப்செட். இதற்கான தேசிய வழிகாட்டு நெறி 2023இல் வெளிவந்தது. அப்படி நிலம் தேடும் கம்பெனி, உங்கள் நிலத்தைக் காக்கும் செலவை ஏற்க முன்வரலாம்.

ஆனால் ஏற்கெனவே காக்கப்பட்டுவிட்ட நிலம் ஆஃப்செட்டில் சேராது. புதிதாக ஒன்று காக்கப்பட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. நேச்சர் ரிசர்வ் என்று அறிவித்த பிறகு கம்பெனியைத் தேடினால் விற்க உங்களிடம் எதுவும் இருக்காது. எனவே எசெம்வேலோ அதிகாரியிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: ‘இந்த வகைப் புல்வெளிக்கு ஆஃப்செட் தேடுபவர் யாராவது இருக்கிறார்களா?’ இல்லை என்றால் தொடருங்கள். வராத வாங்குபவருக்காகப் பத்து வருடம் காத்திருந்தால் அதற்குள் டிரிஃபிட் என்ற களைச்செடி நிலத்தை எடுத்துக்கொள்ளும்.

கார்பன் கடன் (கார்பன் கிரெடிட், அதாவது குறைத்த கார்பனுக்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று) பற்றியும் கேட்கிறார்கள். கார்பன் வரி 2019 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. டன்னுக்கு 120 ராண்டில் தொடங்கி 2025இல் 236 ராண்டுக்கு வந்தது. வரி கட்டும் ஆலைகள் ஒரு பங்கைக் கார்பன் கடன் வாங்கி ஈடுகட்டலாம். ஆனால் அளக்கவும் சரிபார்க்கவும் ஆகும் செலவு இருபது ஹெக்டேர்காரருக்குத் தாங்காது. பல பண்ணைகள் கூட்டாகச் சேர்ந்தால் யோசிக்கலாம். கார்பனுக்காகப் புல்வெளியில் மரம் நடச் சொல்பவரை மட்டும் நம்பாதீர்கள். நிழல் விழுந்தால் புல்வெளி செத்துப்போகும், ஓடை நீரும் குறையும்.

7. எல்லையை வரையுங்கள், மதிப்பை எழுதி வாங்குங்கள்

பண்ணையில் ஒரு பகுதியை மட்டும் அறிவிக்கலாம், அதற்காக நிலத்தைப் பிரித்து விற்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற சர்வேயர் அந்தப் பகுதியின் வரைபடத்தைத் தயாரிக்க வேண்டும். வீடு, கொட்டகை, கரும்பு, அறுவடைப் பாதை, பின்னாளில் மகன் வீடு கட்ட நினைக்கும் இடம், குடும்பக் கோவில் எல்லாவற்றையும் சுற்றிக் கோடு போடுங்கள். பாக்கி வண்டி (சிறு லாரி) போகும் மண்பாதையை மறந்துவிட்டு, பிறகு சொந்த வயலுக்குப் போக அனுமதி கேட்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதே சமயத்தில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை ஏற்பாடு செய்து, நகராட்சி மதிப்புச் சான்றையும் எடுத்து வையுங்கள். வரிக்கழிவுக்கு இந்தக் காலத்து மதிப்புதான் கணக்கு. மூன்று வருடம் கழித்து ‘அன்றைக்கு என்ன விலை இருந்திருக்கும்’ என்று கேட்டால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

8. ஒப்பந்தம், அறிவிப்பு, கெஜட், பதிவு

நிலத்தைப் பார்வையிட்டு, மதிப்பெண் போட்டு, குழு ஏற்றுக்கொண்ட பிறகு ஒப்பந்த வரைவு வரும். அதில் நிலத்தை நிர்வகிப்பவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் உரிமையாளரையே நியமிப்பார்கள். அப்படி நியமித்த 12 மாதத்துக்குள் மேலாண்மைத் திட்டம் கொடுக்க வேண்டும். செய்ய முடியாததை அந்தத் திட்டத்தில் எழுதாதீர்கள். ‘முதல் ஆண்டிலேயே எல்லாக் களையும் அழிக்கப்படும்’ என்று எழுதிவிட்டால் அது உங்களை ஒப்பந்தம் மீறியவராக்கும். மீறினால் முன்பு எடுத்த கழிவில் ஒரு பகுதி மறுபடி வருமானத்தில் சேரவும் கூடும்.

அடுத்து, அறிவிக்கும் எண்ணம் கெஜட்டிலும் செய்தித்தாள்களிலும் வரும். ஆட்சேபிக்க 60 நாள் உண்டு. பக்கத்துப் பண்ணைக்காரரிடம் நீங்களே முன்கூட்டிப் போய்ச் சொல்லிவிடுங்கள். காப்பகம் வந்தால் குரங்கும் காட்டுப்பன்றியும் கரும்புக்குள் வரும் என்று பயப்படுவார். பேப்பரில் பார்த்து அறிந்தால் அந்தப் பயம் கோபமாகும்.

மாகாண அமைச்சர் கெஜட்டில் அறிவித்ததோடு வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். முடியவில்லை. நோட்டரி முன் எழுதிய ஒப்பந்தம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் உங்கள் டைட்டில் டீடின் மேல் பதிவாக வேண்டும். பதிவில்லாமல் 37டி இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் கெஜட் வந்து இரண்டு ஆண்டு ஆகியும் பதிவு நடக்கவில்லை. யார் பதியவேண்டும் என்று இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தனர். யார் பதிவு செய்வது, யார் செலவு, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

9. வரி அறிக்கையில்

பதிவு செய்த பத்திரம், கெஜட் பக்கம், ஒப்பந்தம், வரைபடம், மதிப்பீடு ஐந்தையும் ஒரே கோப்பில் போட்டுக் கணக்காளரிடம் கொடுங்கள். 37டி அதிகம் புழங்காத பிரிவு. பிரிவு எண்ணை நீங்களே எழுதிக் கொடுத்தால் நல்லது. கோப்பை 25 ஆண்டும் வைத்திருங்கள், கழிவு அத்தனை ஆண்டும் ஓடுகிறது. பராமரிப்புச் செலவுக்கான ரசீதுகளைத் தனியாகச் சேர்த்து வையுங்கள், அவை 37சி கணக்குக்கு.

10. நகராட்சி ரேட்ஸ்

2004ஆம் ஆண்டின் சொத்து வரிச் சட்டம் 17ஆம் பிரிவில், நேச்சர் ரிசர்வில் வியாபாரம், விவசாயம், குடியிருப்பு எதற்கும் பயன்படாத பகுதிக்கு ரேட்ஸ் போடக் கூடாது என்று இருக்கிறது. இது வருமானம் இல்லாதவருக்கும் கிடைக்கும். ஆனால் நகராட்சி தானாகத் திருத்திக்கொள்ளும் என்று இருக்காதீர்கள். கெஜட் நகலோடும் வரைபடத்தோடும் எழுதிக் கேளுங்கள். பின்னாளில் காப்பக அறிவிப்பு விலக்கப்பட்டால், நடப்பு மதிப்பீட்டுப் பட்டியல் தொடங்கிய நாளிலிருந்து ரேட்ஸ் திரும்பக் கட்ட நேரிடலாம்.

11. மண்ணில் செய்யும் வேலை

கோப்பு முடிந்த அன்றுதான் நிலத்தின் வேலை தொடங்குகிறது. உன்னிச்செடி, டிரிஃபிட், பக்வீட் மூன்றும் நம் கரையோரத்தின் பெரிய எதிரிகள். ஓடையில் மேலிருந்து கீழாகக் களை எடுங்கள். கீழே தொடங்கினால் மேலிருந்து வரும் விதை மறுபடி முளைக்கும். அடர்ந்த இடத்தை விட்டுவிட்டு, களை குறைவாக உள்ள இடத்தில் முதலில் தொடங்குங்கள். குறைந்த கூலியில் அதிக நிலம் மீளும். வெட்டிய அடிக்கட்டையில் உடனே களைக்கொல்லி தடவாவிட்டால் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும்.

நம் வீடுகளில் வேப்பிலை என்று மாரியம்மனுக்கு வைக்கும் சிரிங்கா மரம், உண்மையில் மலைவேம்பு. நகருக்கு வெளியே அது 1பி வகைக் களை, கட்டுப்படுத்துவது கட்டாயம். ஆயா நட்ட மரத்தை வெட்ட எங்கள் வீட்டில் யாருக்கும் கை வரவில்லை. கடைசியில் வீட்டு வாசலில் உண்மையான வேப்பங்கன்று ஒன்றை நட்டு, அது தலையெடுத்த பிறகே சிரிங்காவை வெட்டினோம்.

புல்வெளிக்கு நெருப்பு வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எரியாவிட்டால் புதர் ஏறிவிடும். 1998ஆம் ஆண்டின் தீச் சட்டப்படி தீத்தடுப்புக் கோடு போடுவது உரிமையாளர் கடமை. அந்தக் கோட்டைக் குளிர்காலத் தொடக்கத்தில், பக்கத்துப் பண்ணைக்கும் தீப் பாதுகாப்புச் சங்கத்துக்கும் சொல்லிவிட்டு எரித்து முடித்துவிடுங்கள். டிரிஃபிட் பச்சையாக இருக்கும்போதே பற்றிக்கொள்ளும். ஆகஸ்ட் காற்று தொடங்கிவிட்டால் கோடு போடக் கையில் நெருப்பை எடுக்காதீர்கள், அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டு அந்தப் பட்டையை அரிவாளால் வெட்டி வைத்துவிடுங்கள்.